மிளாவின் பின்னால் போன அப்பா

நம்ம வயசுக்காரர்களில் மிளா கத்திக் கேட்டவர்கள் எத்தனை பேர் மிச்சம் இருப்பீர்கள் என்று தெரியவில்லை. மான் சாதிதான், மாட்டு உயரம் இருக்கும்; ஆனால் மான் மாதிரி மெல்லிசாகக் கத்தாது அது. பழைய பஸ்ஸில் ரப்பர் குமிழை அமுக்கினால் ஒரு சத்தம் வருமே, அப்படி ஒரே ஒரு சத்தம். பிறகு நிறுத்திவிடும். நாம் அதை மறந்து வேலையைப் பார்க்க ஆரம்பிக்கும்போது இன்னொன்று வரும். சாரல் காலத்தில் மேகம் மலையடிவாரம் வரைக்கும் இறங்கிக் கிடக்கும்போது அந்தச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

போன மாதம் என் மகன் போனில் ஒரு வீடியோ காட்டினான். எங்கோ வடக்கே, பனி விழுகிற நாட்டுக் காடு. மிளாவுக்குப் பெரியண்ணன் மாதிரி ஒரு மிருகம். கொம்பு ஒவ்வொன்றும் முறம் அகலம். மூஸ் என்று பேராம். தாடிக்காரன் ஒருத்தன் மரத்தில் செய்த வில்லோடு புதருக்குள் கிடந்தான். அம்பை விட்டான், பட்டுவிட்டது. மிருகம் ஓடியது. அவன் ஓடவில்லை. வில்லை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"ஏம்மா, விரட்டிப் பிடிக்காம இவன் ஏன் உக்காந்துருக்கான்?" என்றான் மகன்.

விரட்டினால் அது வலியோடு நெடுந்தூரம் போய்விடும், விட்டுவிட்டால் பக்கத்திலேயே எங்கேயாவது படுத்துவிடும், அதற்காகத்தான் என்று சொன்னேன். உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஆச்சரியமாகக் கேட்டான். மழை இல்லாத ஊரென்றால் அப்படி உட்கார்ந்திருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்கு எழுந்து வந்துவிட்டேன். அவனுக்குச் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் காலத்தையே முதலிலிருந்து சொல்ல வேண்டும். உங்களுக்கு அது வேண்டாம். நீங்கள் பார்த்தவர்கள்.

இலஞ்சியிலிருந்து மலைப் பக்கமாக நடந்தால் வருகிற சின்ன ஊர் எங்களுடையது. கடைசித் தெரு தாண்டினால் வயல், வயல் முடிந்தால் காடு. வயல் முழுக்கப் பெரியப்பா பேரில் இருந்தது. அப்பா அவருக்குத் தம்பி. உழுவது, தண்ணீர் பாய்ச்சுவது, அறுப்பது எல்லாம் அப்பா. எப்போது எதைச் செய்வது என்று சொல்வது பெரியப்பா. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அப்பாவுக்கே அது குறையாகத் தோன்றியதில்லை. அண்ணன் எதிரே அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எனக்குப் பத்து வயசு இருக்கும். அந்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. கார் நெல்லுப் பயிர் பச்சை கட்டி நின்றது. துணி காயாது, விறகு பிடிக்காது, அடுப்படியில் எப்போதும் ஈர விறகுப் புகை. அம்மாவுக்குக் கண் சிவந்தே இருக்கும். அப்போதுதான் மிளா வயலில் இறங்க ஆரம்பித்தது. பன்றி மாதிரி கிளறிப் போடாது. நடந்துகொண்டே மேய்ந்து, குருத்தாகப் பார்த்துக் கடித்துவிட்டுப் போகும். காலையில் போய்ப் பார்த்தால் வயலின் நடுவே யாரோ அரிவாளால் பாதை போட்டது போல் இருக்கும். வரப்பில் அதன் குளம்புத் தடத்தில் தண்ணீர் தேங்கி, தவளைக்குஞ்சு நீந்திக்கொண்டிருக்கும்.

பெரியப்பாவிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. ஊரிலேயே அது ஒன்றுதான். கல்யாணத்துக்குப் போனால்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வரமாட்டார். ஆனால் அப்போது மிருகத்தைச் சுடக்கூடாது என்று சட்டம் புதிதாக வந்திருந்தது. பாரஸ்ட்டுக்காரர்கள் அடிவாரத்தில் அடிக்கடி நடமாடினார்கள். வயலில் கடித்துப் போட்டதைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போயிருந்தேன்.

"ஏலே, துப்பாக்கி வெடிச்சா அஞ்சருவி வரைக்கும் கேக்கும். நீ ஒன் வில்ல எடு" என்றார்.

அப்பா சரிண்ணே என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அந்த வில்லைச் சொல்ல வேண்டும். மூங்கில் வில். என்னைவிட உயரம். அப்பா வாலிபத்தில் மலைத்தேன் எடுப்பவர்களோடு சுற்றிக்கொண்டிருந்தபோது அவர்களிடமிருந்து வாங்கியது. பரணில் பழைய வேட்டியில் சுற்றிக் கிடக்கும். மாசத்துக்கு ஒரு தடவை இறக்கி விளக்கெண்ணெய் தடவுவார். அந்த வாடை அவர் உள்ளங்கையில் இரண்டு நாள் இருக்கும், சோறு பிசைந்து ஊட்டினால் சோற்றிலும் இருக்கும். அம்பு முனை இரும்பு, அரசிலை வடிவம். பாவூர்சத்திரத்தில் ஒரு கொல்லன் அடித்துக் கொடுத்தது. அதைத் தொடக்கூடாது என்பதுதான் வீட்டில் எனக்கு இருந்த ஒரே கட்டளை.

காட்டுக்கு அப்பா தனியாகப் போகமாட்டார். தென்காசியில் நெசவு செய்துகொண்டிருந்த மாமா ஒருவர் கூட வருவார். சொந்தமில்லை. அவர் துலுக்கர், நாங்கள் வேறு. ஆனால் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அம்மா அவரை அண்ணன் என்பாள், அவர் அம்மாவைத் தங்கச்சி என்பார். அப்பா அம்பு விட்டால் மாமா கத்தியோடு ஓடுவார். உயிர் இருக்கும்போதே அவர் ஓதி அறுத்தால்தான் அவர் வீட்டில் சாப்பிட முடியும். அதனால் எங்கள் வீட்டிலும் அவர் அறுத்த கறிதான். முயல், காட்டுக்கோழி இவ்வளவுதான் அதுவரை. மிளா இல்லை. அந்தச் சமயம் மாமா தறியை விட்டுவிட்டு வெளிநாட்டுக்குப் போக முயற்சி பண்ணிக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட் வந்துவிட்டது, விசாவுக்குக் காத்திருந்தார்.

அவர்கள் கிளம்பிய காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. விடிந்தும் விடியாத வெளிச்சம். அப்பா காலில் அட்டை ஏறாமல் இருக்கப் புகையிலைத் தண்ணீரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா பழைய சோற்றைத் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் வந்துவிடுவோம் என்றார் மாமா. அம்மா வாளியின் மூடியை அழுத்தி மூடினாள். முந்தின நாள்தான் அவள் அப்பாவிடம், பயிர் யார் பேரில் இருக்கோ அவர் போகட்டுமே என்று கேட்டிருந்தாள். அப்பா அம்பு முனையைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் யாரும் வரவில்லை. சாயந்திரம் பெரியப்பா வீட்டு வேலைக்காரப் பெண் வந்து, அப்பா வர ஒன்றிரண்டு நாள் ஆகும், கவலைப்பட வேண்டாம் என்று பெரியப்பா சொல்லச் சொன்னதாகச் சொன்னாள். அம்மா அப்போதே பெரியப்பா வீட்டுக்குப் போனாள். என் கையைப் பிடித்துக்கொண்டு போனாள், பிடி வலித்தது.

பெரியப்பா சொன்னது இதுதான்: அம்பு பட்டுவிட்டது. மிளா ஓடிவிட்டது. தம்பி அதன் பின்னால் போயிருக்கிறான். காயம்பட்ட மிருகத்தை விட்டுவிட்டு வரமாட்டான், அவன் குணம் அது. யாராவது கேட்டால் செங்கோட்டைக்கு மாடு பார்க்கப் போயிருக்கிறான் என்று சொல்ல வேண்டும்.

"நாலு பேர அனுப்பித் தேடச் சொல்லலாமே, அத்தான்" என்றாள் அம்மா. அவள் அவரிடம் நேராக முகம் பார்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நாலு பேர் போனால் பாரஸ்ட்டுக்காரன் கண்ணில் படும் என்றார் அவர். பட்டால் கேஸ். கேஸ் என்றால் தம்பி ஜெயிலுக்குப் போவான், குடும்பத்தில் துப்பாக்கி இருப்பதைக் காட்டி அதையும் பிடுங்கிக்கொண்டு போவார்கள், ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அவன் காட்டில் வளர்ந்தவன். வந்துவிடுவான்.

இப்போது யோசித்தால், பெரியப்பா கெட்ட மனுஷர் என்று எனக்குத் தோன்றவில்லை. தம்பிக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் நிஜமாகவே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். சின்ன வயசிலிருந்தே சொன்ன வேலையை முடித்துவிட்டு வந்து நிற்கிற தம்பி. வராமல் போவான் என்ற யோசனைக்கே அவரிடம் இடம் இல்லை. அதோடு அந்தத் துப்பாக்கியும் இருந்தது.

மறுநாள் சாரல் இல்லை, மழையே பெய்தது. அம்மா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரிகள் கேட்டதற்கெல்லாம் செங்கோட்டை, மாடு என்று சொன்னாள். ஒருத்தி சிரித்துக்கொண்டே, மாடு பார்க்கப் போனவர் வேறு எதையும் பார்த்துவிடப் போகிறார் என்றாள். ஊருக்குள் அந்தப் பேச்சு கிளம்பிவிட்டது. கேரள எல்லை தாண்டினால் புனலூர், அங்கே அப்பாவுக்கு ஒரு தொடுப்பு என்று. பெரியப்பா காதிலும் அது விழுந்திருக்கும். அவர் மறுக்கவில்லை. மிளாவைவிட அது பரவாயில்லை என்று நினைத்திருப்பார்.

அதற்கடுத்த நாள் காலை அம்மா தலையைக்கூட வாராமல் என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறித் தென்காசிக்குப் போனாள். மாமா வீட்டில் தறிக்குழி பலகை போட்டு மூடிக் கிடந்தது. அதன்மேல் ஒரு புதுப் பெட்டி. மாமா எங்களைப் பார்த்ததும் எழுந்தார், எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அத்தனை பெரிய மனுஷர் அழுததைப் பார்த்து நான் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அவர் சொல்லித்தான் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரிந்தது. அம்பு மிளாவின் வயிற்றில் பட்டிருக்கிறது. அப்படிப் பட்டால் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். அப்பாவுக்கும் அது தெரியும். ஆனால் மழை வலுத்துவிட்டது. காத்திருந்தால் ரத்தத்தடம் கழுவிப் போய்விடும். அம்பைச் சுமந்துகொண்டு நாள் கணக்கில் அது சாகாமல் சாகும். அதனால் அப்பா பின்னாலேயே போனார். இரண்டு ஓடை சேர்கிற இடம் வரைக்கும் மாமாவும் போயிருக்கிறார். அதற்குமேல் பாறை. மாமாவுக்கு மூச்சு வாங்கியது. நீ போய் அண்ணன்ட்ட சொல்லு, நான் முடிச்சிட்டு வாரேன் என்று அப்பா அனுப்பிவிட்டார். மாமா இறங்கி வந்து அன்றைக்கே பெரியப்பாவிடம் இடம், திசை எல்லாம் சொல்லிவிட்டார். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போ, விசா வருகிற நேரம் என்று பெரியப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"அப்ப அவியளுக்கு எடம் தெரியும்" என்றாள் அம்மா.

"தெரியும், தங்கச்சி."

அம்மா அந்தப் புதுப் பெட்டியைப் பார்த்தாள்.

"ஒங்க பேர நான் எடுக்க மாட்டேன். வழிய மட்டும் சொல்லுங்க."

மாமா சுண்ணாம்புக்கட்டியால் தரையில் வரைந்து காட்டினார். அம்மா இரண்டு தடவை கேட்டாள், மூன்றாவது தடவை அவளே சொல்லிக் காட்டினாள். மாமி ஒரு டம்ளர் டீ கொடுத்தாள். அம்மா அதை என்னைக் குடிக்கச் சொன்னாள்.

பாரஸ்ட் ஆபீஸ் குற்றாலத்தில் ஒரு ஓட்டுக் கட்டடம். சீசன் கூட்டம், ரோடு முழுக்க எண்ணெய் தேய்த்த உடம்புகள், ஈரத்துண்டு, பலாப்பழ வாசம். அதற்குள் புகுந்து போனோம். உள்ளே பெரிய மேசைக்குப் பின்னால் ஓர் ஆபீசர், பக்கத்தில் இரண்டு வாட்சர்கள். அம்மா கும்பிடக்கூட இல்லை.

"எங்க வீட்டுக்காரவ மிளா அடிக்கப் போனாவ. இன்னும் வரல. கேஸு பொறவு போடுங்க. மொதல்ல ஆளத் தூக்கிட்டு வாங்க."

ஆபீசர் எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டார். ஒருத்தர்தான் என்றாள். அப்படியென்றால் இடம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். போகும்போது எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார் என்றாள். அந்தப் பொய்யைச் சாகிற வரைக்கும் அவள் மாற்றவில்லை.

வாட்சர்களில் ஒருவர் மலையிலேயே பிறந்தவர், வயசு குறைவு. அன்றைக்கே தேடிக் கிளம்பினார்கள், அவர்தான் முன்னால் நடந்திருக்கிறார். ஓடை சேர்கிற இடம் வரைக்கும் அம்மா சொன்ன வழி சரியாக இருந்தது. அதற்குமேல் மேகம் மூடி ஒன்றும் தெரியவில்லை. வாடையை வைத்துத்தான் கண்டுபிடித்தார்களாம். மிளா செத்து அழுகிய வாடை.

அப்பா அதைப் பற்றிப் பிற்பாடு ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். மிளாவை விரட்டினால் கடைசியில் தண்ணீரில் இறங்கி நின்றுகொள்ளும். ஓடையில் ஆழமாகத் தேங்கிய ஒரு கசத்தில் வயிறு முட்டத் தண்ணீரில், அம்பு வெளியே தெரிய, அவரைப் பார்த்து நின்றிருக்கிறது. ஓடவில்லை. இன்னும் ஓர் அம்பு விட்டு முடித்துவிடலாம் என்று வழுக்குப் பாறையில் ஏறி நாணை இழுத்திருக்கிறார். கால் போய்விட்டது. இரண்டு பாறைக்கு நடுவே முழங்காலுக்குக் கீழே ஒடிந்து மாட்டிக்கொண்டது. காலை எப்படியோ உருவி எடுத்து, குடைவு மாதிரி இருந்த பாறைக்குக் கீழே ஊர்ந்து கிடந்திருக்கிறார். இருட்டுகிற வரைக்கும் மிளா அப்படியே நின்றதாம். "நானும் அதப் பாத்தேன், அதுவும் என்னப் பாத்துது" என்றார். விடிந்தபோது தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. அந்த ஓடைத் தண்ணீரைத்தான் அவர் குடித்துக் கிடந்தார்.

மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊரே அடிவாரத்தில் நின்றது. அப்பாவின் முகம் சாம்பல் நிறமாக இருந்தது, உடம்பெல்லாம் அட்டை கடித்த தடம். காலைத் துணியால் மூடியிருந்தார்கள், ஆனாலும் தெரிந்தது. பெரியப்பா முன்னால் வந்து அப்பாவின் தலையைத் தொட்டார். தொட்டுவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்: "கட்டுன பொண்டாட்டியே காட்டிக் குடுத்துட்டா ஒன்ன."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் முந்திக் கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் அம்மாவிடம்தான் சொன்னார். அம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் நின்றதால் எனக்குத் தெரியும். கேஸ் தென்காசிக் கோர்ட்டில் நடந்தது. வில்லில் ஒரு சீட்டைக் கட்டி மேசைமேல் வைத்திருந்தார்கள். அதன் நுனி மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாம் அதில் இடித்துக்கொண்டார்கள். அதைக் கடைசியாகப் பார்த்தது அங்கேதான். ஒற்றைக் காலோடு நிற்கிறவரைப் பார்த்து ஜட்ஜ் தண்டம் மட்டும் போட்டு விட்டுவிட்டார். பெரியப்பாவின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போனார்கள். அது திரும்பி வரவேயில்லை.

அதற்குப் பிறகு ஊரில் அம்மாவுக்கு ஒரே பேர்தான். தண்ணீர் எடுக்கப் போனால் பேச்சு நின்றுவிடும். விசேஷத்துக்குப் பெரியப்பா வீட்டிலிருந்து அப்பாவுக்கும் எனக்கும்தான் அழைப்பு. அம்மா வீட்டிலேயே இருந்துகொள்வாள். பெண்பிள்ளைகளுக்கு அவளைக் காட்டி, புருஷனைப் போலீஸில் பிடித்துக் கொடுத்தவள் என்று சொன்னார்கள். போலீஸ் இல்லை, பாரஸ்ட் என்று நான் ஒருதடவை திருத்தினேன். அதற்கும் சிரித்தார்கள். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கொட்டை எடுக்கப் புளி குத்துவார், கயிறு திரிப்பார், யாராவது அம்மாவைப் பற்றி ஏதாவது சொன்னால் குனிந்துகொள்வார். அம்மா தினமும் அவர் காலின் மிச்சத்தைக் கழுவி மருந்து போட்டுத் துணி கட்டுவாள். இரண்டு பேரும் வேண்டிய பேச்சைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

மாமா வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்து முதல் தடவை ஊருக்கு வருகிற ஆளிடம் ஒரு பிளாஸ்க் கொடுத்தனுப்பினார். தங்கச்சிக்கு என்று தனியாகச் சொல்லி. அப்பாவுக்கு வரவேண்டியதை இவள் வைத்துக்கொண்டாள் என்று அதற்கும் ஒரு பேச்சு.

அடுத்த சாரலுக்கு அம்மா ஐந்தருவியில் பலாச்சுளை விற்க உட்கார்ந்தாள். செங்கோட்டைக்குப் போய்ப் பழம் எடுத்து வருவாள். உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, பிசின் ஒட்டாமல் சுளை சுளையாக எடுத்து இலையில் வைப்பாள். சனி, ஞாயிறில் நானும் கூடப் போவேன். வருகிற கூட்டம் மதுரை, மதராஸ். யாருக்கும் எங்கள் ஊரில் அவளுக்கு என்ன பேர் என்று தெரியாது. அங்கே அவள் சிரிப்பாள். அதை நான் அங்கேதான் பார்த்தேன்.

ஒருநாள் அந்த வாட்சர் வந்தார். காக்கிச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. சுளை வாங்கித் தின்றுகொண்டே அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். இருக்கிறார் என்றாள் அம்மா.

"அன்னைக்கு எங்களப் பாத்ததும் மொதல்ல என்ன கேட்டாருன்னு சொன்னாராக்கா?"

இல்லை என்றாள்.

"‘அவ வந்து சொல்லிட்டாளா?’ன்னு கேட்டாரு. கேஸுக்குப் பயந்து கேக்காருன்னு நெனச்சோம். ஆமான்னதும் கையெடுத்துக் கும்பிடுதாரு. ஊந்து ஊந்து கீழ எறங்கிருக்கலாமாம். எறங்குனா வேற எங்கனயாவது போய்க் கெடப்போம், அவ சரியான எடத்தச் சொல்லி ஆள அனுப்புவா, அதனால எடத்த விட்டு அசையலன்னாரு."

அம்மாவின் கை பழத்துக்குள்ளேயே இருந்தது. வாட்சர் போன பிறகும் எடுக்கவில்லை. ஒரு பெண் குழந்தையோடு வந்து விலை கேட்டாள், நான்தான் சொன்னேன்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தோம். அப்பா புளி குத்திக்கொண்டிருந்தார். அம்மா கூடையை இறக்கிவிட்டு அவர் எதிரே போய் நின்றாள்.

"நான் சொல்லுவேன்னு நம்பித்தான் அங்கன கெடந்தியளாமே. நெசமா?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். தலையை ஆட்டினார்.

"ஒரு வருசமா அவிய என்னச் சொல்லுதத எல்லாம் கேட்டுட்டுத்தான இருந்திய. ஒரு வார்த்த சொல்லலியே."

"அண்ணன்ட்ட எப்படிட்டி சொல்லுவேன்" என்றார் அப்பா.

அம்மா அழுதிருந்தால்கூட அவருக்கு நல்லதாக இருந்திருக்கும். அவள் கையைக் கழுவிவிட்டு அவருக்குச் சோறு போட்டாள். எனக்குப் போட்டாள். அவள் சாப்பிடவில்லை. காலையில் வழக்கம்போல முதல் பஸ்ஸுக்குச் செங்கோட்டைக்குப் போய்விட்டாள்.

வெயில் ஏறிய பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். சட்டையை எடுத்துத் தரச் சொன்னார், கட்டைக்கோலை எடுத்துத் தரச் சொன்னார். எங்கே என்று கேட்டேன், வா என்றார். தெருவில் இறங்கிய பிறகுதான் பெரியப்பா வீட்டுக்கு என்று தெரிந்தது. கால் போனதிலிருந்து அவ்வளவு தூரம் அவர் நடந்ததில்லை. நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நான் தோளைக் கொடுத்தேன், வேண்டாம் என்று தள்ளினார்.

பெரியப்பா வீட்டு முற்றத்தில் நெல் காயப் போட்டிருந்தது. சாரல் விட்ட நேரம் பார்த்து அவசரமாகப் பரப்பியிருந்தார்கள். பெரியப்பா நாற்காலியில் இருந்தார், ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் பெஞ்சியில் இருந்தார்கள். அப்பாவைப் பார்த்ததும் பெரியப்பா பதறி எழுந்து தன் நாற்காலியையே காட்டி, உக்காருலே என்றார். அப்பா நெல்லின் நடுவே நின்றார். கட்டைக்கோல் நெல்லுக்குள் இறங்கி நின்றது.

"அண்ணே, அன்னைக்கு அந்தப் பாறைக்கு அடியில அவ ஆள அனுப்புவான்னு நம்பித்தான் நான் கெடந்தேன்."

பெரியப்பா நாற்காலியைக் காட்டிய கையை இறக்கினார்.

"நீ அனுப்புவேன்னு நான் நெனைக்கவே இல்ல."

அப்பாவின் குரல் உயரவில்லை. தண்ணீர் எந்த வயலுக்குப் பாய்ந்தது என்று அண்ணனிடம் கணக்குச் சொல்கிற அதே குரல். பெரியப்பா பெஞ்சியில் இருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் நெல்லைப் பார்த்தார்கள்.

"காலைலயே ஒம் பொண்டாட்டி சொல்லிக் குடுத்து அனுப்பிருக்காளாக்கும்."

"அவ செங்கோட்டைக்குப் போயிருக்கா" என்றார் அப்பா. திரும்பி நடந்தார். பெரியப்பாவின் முகத்தை நான் திரும்பிப் பார்த்தேன். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. கையில் வைத்திருந்த ஏதோ ஒன்று விழுந்துவிட்டது போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது அவரை நினைத்தால் அந்த முகம்தான் வருகிறது.

அம்மாவுக்குச் சேதி ஐந்தருவிக்கே போய்விட்டது. ஊர்ப் பஸ்ஸில் வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். விற்காத பழத்தோடு சீக்கிரமே வந்துவிட்டாள். அப்பா படுத்திருந்தார். நடந்ததில் புண் திறந்து துணியில் ரத்தம் ஊறியிருந்தது. அம்மா வெந்நீர் வைத்துக் கொண்டு வந்து உட்கார்ந்து துணியை அவிழ்த்தாள். "இப்படியா நடக்கது" என்றாள். ஒரு வருஷத்தில் அவள் அவரைத் திட்டியது அன்றைக்குத்தான். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பெரியப்பா அதற்குப் பிறகு அப்பாவோடு பேசவில்லை. அதுவரை கூலியாள் வைத்து எங்கள் பொறுப்பில் நடந்த வயலில், அடுத்த விதைப்புக்கு வேறு ஆளை விட்டுவிட்டார். எங்களுக்கு ஊரில் ஒன்றும் இல்லாமல் போனது. தென்காசியில் மாமாவின் தெருவிலேயே ஒரு சின்ன வீட்டுக்கு வந்துவிட்டோம். சீசனுக்குப் பலா, மற்ற நாளில் காய்கறி. பாவூர்சத்திரத்தில் எடுத்து வந்து வாசலில் வைத்து அம்மா விற்றாள். அப்பா தராசு பிடித்தார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் கடைசி வரைக்கும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. பெரியப்பா செத்தபோது அப்பா போனார், தெருமுனை வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார்.

நாங்கள் தென்காசிக்கு வந்த புதிதில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் பந்தி நடக்கிறது. அம்மாவையும் அழைத்திருந்தார்கள், ரொம்ப நாளைக்குப் பிறகு. எங்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அத்தை பக்கத்தில் இருந்தவளிடம், அம்மாவுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள்: "அண்ணந் தம்பியப் பிரிச்சவ இவதான்."

நான் இலையைத் தள்ளிவிட்டேன். எழுந்திருக்கப் போனேன். அம்மா என் தொடையில் கையை வைத்து அமுக்கினாள்.

"விடுட்டி" என்றாள். "முன்ன காட்டிக் குடுத்தேன்னு சொன்னது பொய்யி. இது நெசந்தான."

சொல்லிவிட்டு, பாயசக்காரனைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னாள்.